முன்தோட்டத்தில் கான்கிரீட் போடச் சொன்ன மைத்துனனுக்கு

14, ஹாலோகேட் தெரு,
பிராட்டன்லி,
இங்கிலாந்து.
அக்டோபர் 19, ஞாயிறு, மழை.

ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் என் மேன்மை பொருந்திய மைத்துனர் ரோலண்ட் அவர்கள் சமூகத்துக்கு, அவருடைய அக்காள் கணவன் வில்ஃப்ரெட் ஆக்ராய்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதை அறிய எனக்கு ஆவலும் இல்லை. தங்கள் மனைவியின் மூட்டுவலி குணமாகவும், தங்கள் நாய் நீண்ட ஆயுளோடு இருக்கவும் வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் நீ, வா, போதான்.

டேய் ரோலண்ட், ஜூன் மாதம் நீ என் வீட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு சொன்ன வார்த்தை உனக்கு நினைவிருக்கிறதா? இல்லாவிட்டால் நான் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் நான்கு மாதமாக நான் அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். "அத்தான், இந்தச் செடி கொடியெல்லாம் எடுத்துப் போட்டுட்டு ஒரே நாள்ல கான்கிரீட் ஊத்திரலாம். கார் வாசல்லயே நிக்கும். அக்கா படியிறங்கினா காரு, காரிறங்கினா படி." நான் அப்போதே கேட்டேன், இதற்கு நகராட்சியில் அனுமதி ஏதாவது வாங்க வேண்டாமா என்று. நீ சிரித்தாய். முப்பது வருஷம் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு சிரித்தாய். "நம்ம மண்ணு, நம்ம சிமெண்டு. எவன் வந்து அளக்கப் போறான்?" என்றாய். அளக்க வந்தார்கள், ரோலண்ட். சக்கரம் வைத்த ஒரு கோலை உருட்டிக்கொண்டு வந்து அளந்தார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதையும் மறந்திருப்பாய். எதிர் வரிசையில் அந்தப் பல் மருத்துவமனை வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் கார் நிறுத்த ஒரு சாண் இடம் கிடைப்பதில்லை. ஊரில் இருக்கும் அத்தனை சொத்தைப் பல்லும் என் வாசலில்தான் வந்து நிற்கிறது. நான் காரை சர்ச்சுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். எனக்கு அது பெரிதில்லை. ஆனால் உன் அக்கா மோரீனுக்கு இடுப்பு எலும்பு மாற்றும் ஆபரேஷன் என்று நாள் குறித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஊன்றுகோலோடு சர்ச்சிலிருந்து வீடுவரை எப்படி நடப்பாள்? அதற்காகத்தான் உன் பேச்சைக் கேட்டேன். உன் அக்கா ஆஸ்பத்திரியில் நான்கு நாள், அப்புறம் எங்கள் மகள் வீட்டில் பத்து நாள். அந்தப் பதினான்கு நாளில் உன் கையாலேயே வேலையை முடித்து, வந்து இறங்கும்போது ஆச்சரியத்தில் வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிளக்கவில்லை. மகளின் காரிலிருந்து இறங்கினாள், ஊன்றுகோலை அந்தச் சாம்பல் நிறக் கான்கிரீட்டில் டொக்கென்று ஊன்றினாள், முப்பது வருஷமாக அவள் வளர்த்த நீல ஹைட்ரேஞ்சியாச் செடி நின்ற மூலையைப் பார்த்தாள், லாவெண்டர் வரிசை இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீ போடுங்க, வில்ஃப்" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் கூடவே வாழ்ந்தும் எனக்கு அந்த அளவுக்குத்தான் அவளைத் தெரிந்திருக்கிறது.

சரி, கான்கிரீட் காய்ந்தது. காரை ஏற்றலாம் என்று போனால் நடைபாதையின் ஓரக்கல் அரை முழ உயரத்துக்கு நிற்கிறது. அதைத் தாழ்த்தித் தரச் சொல்லி சாலைத் துறைக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் ஏதோ ஒரு குழல் வாசிப்பைக் கேட்கவிட்டு அப்புறம் ஒரு ஆள் எடுத்தார். ஓரக்கல்லைத் தாழ்த்த விண்ணப்பம் போட வேண்டுமாம், அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் போட வேண்டுமாம். போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வாசலுக்கு நேரே தெருவிளக்குக் கம்பம் இருப்பதால் முடியாது. அந்தக் கம்பம் நான் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது. நீ அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் சிகரெட் பிடித்தாய். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆக, என்னிடம் கார் நிறுத்த இடம் இருக்கிறது, காரும் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மட்டும் சட்டப்படி வழியில்லை.

அப்போதாவது நான் உனக்குப் போன் செய்யாமல் இருந்திருக்கலாம். செய்தேன். நீ என்ன சொன்னாய்? "ரெண்டு பலகையைச் சாக்கடை மேல போட்டு ஏத்துங்க அத்தான், கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவுல லேசா வளைச்சா உள்ள போயிரும்." லேசாக வளைத்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று போனது. ஆனால் கார் உள்ளே போனது. பலகை இரண்டும் ஓரத்துச் சாக்கடையில் அப்படியே கிடந்தன, ஏனென்றால் அவற்றைத் தினமும் தூக்கிப் போட்டு எடுக்க எனக்கு எழுபத்தோரு வயது ஆகிறது.

இப்போது செப்டம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாட்டிறைச்சி வறுவல், உருளைக்கிழங்கு, மோரீன் ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முதலாக நின்றுகொண்டே செய்த யார்க்‌ஷயர் புட்டிங். வெளியே மழை பிடித்தது பார், வானத்தைக் கிழித்துக் கொட்டுகிற மாதிரி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கான்கிரீட் மேலே விழுந்த தண்ணீர் ஒரு சொட்டு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. எல்லாம் தெருவைப் பார்த்துச் சரசரவென்று ஓடுது. நான் மோரீனிடம் சொன்னேன், "உன் தம்பி எதுல கெட்டிக்காரனோ இல்லையோ, சரிவு பிடிக்கறதுல கெட்டிக்காரன்." என் வாயாலேயே உன்னைப் புகழ்ந்தேன், அந்த ஒரு தடவைதான். முன்பெல்லாம் இதே மழைக்கு அந்த மண்ணு குடிச்சுட்டுப் பேசாம இருக்கும். இப்போ குடிக்க ஆளில்லை. முப்பத்தோரு சதுர மீட்டர் தண்ணியும் தெருவுக்கு ஓடி, சாக்கடையில விழுந்து, போற வழியில நம்ம பலகை ரெண்டும் குறுக்கே படுத்திருக்க, இலையும் குப்பையும் வந்து அதுல அடைச்சு, அணை கட்டின மாதிரி நின்னு, அப்புறம் பள்ளம் எங்கேன்னு தேடி நடைபாதையில ஏறி, பக்கத்து வீட்டுக்குள்ள போயிருக்கு.

பக்கத்து வீட்டில் யார் என்று உனக்குத் தெரியும். டிலிஸ் பிராசர். அறுபது வயதில் பியானோ சொல்லிக்கொடுக்கிற, வேல்ஸ்காரி டிலிஸ். அவள் முன்னறை தெருவை விட நான்கு படி கீழே இருக்கிறது. அந்த அறையில்தான் பியானோ.

நாங்கள் கறியை வெட்டி வாயில் வைக்கும் நேரத்தில் கதவைத் தட்டினாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள், கையில் ஒரு சூப் கரண்டி. எதற்குக் கரண்டி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, தண்ணீரை அதால் இறைத்தாளோ என்னவோ.

"மிஸ்டர் ஆக்ராய்ட், உங்க தண்ணி என் வீட்டுல இருக்கு" என்றாள்.

"மழைத் தண்ணி டிலிஸ். மழை எல்லாருக்கும்தான் பெய்யுது."

"எல்லாருக்கும் பெய்யுது. ஆனா எல்லாருடையதும் என் வீட்டுக்கு வரலியே. என் பியானோவுக்கு நீச்சல் தெரியாது, மிஸ்டர் ஆக்ராய்ட்."

போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பியானோ கணுக்கால் தண்ணியில நிக்குது. கீழே கால் வைக்கிற மிதிகட்டை மூணும் தண்ணிக்குள்ள. நோட்டுப் புத்தகங்கள் மிதக்குது. ஒரு செருப்பு என்னைப் பார்த்து மிதந்து வந்தது. எதிர்வீட்டு கட்ஜன் ஏற்கெனவே அங்கே பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தெரியுமல்லவா, ஜன்னல் திரையை விலக்கித் தெருவைக் காவல் காக்கிற ஆசாமி. என்னைப் பார்த்ததும், "பலகையை எடுய்யா மொதல்ல!" என்று கத்தினான். ஓடிப்போய்ச் சாக்கடைக்குள் கையை விட்டுப் பலகையைப் பிடுங்கினேன். அணை உடைந்த மாதிரி தண்ணீர் போனது. பல் மருத்துவமனை வாசலில் நின்ற ஒரு பெண்மணி ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு கை தட்டினாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

சாயங்காலம்வரை நாங்கள் மூன்று பேரும் இறைத்தோம். மோரீன் மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுத்தாள். டிலிஸ் என்னைத் திட்டவில்லை, ரோலண்ட். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி மனசை ஆற்றியிருப்பேன். பியானோ மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினாள். தொண்டை கட்டின வாத்து மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதை அப்படியே மூடிவிட்டு, "இருபத்திரெண்டு வருஷம் இதுல சோறு தின்னேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது என்றா?

மூன்று வாரம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மிஸ் த்ரெல்ஃபால். யாரோ புகார் எழுதியிருக்கிறார்களாம். நம் நகராட்சி உடைந்த குப்பைத்தொட்டியை மாற்ற எட்டு மாதம் எடுத்துக்கொண்டது, இதற்கு மூன்றே வாரம். நான் முன்னால் சொன்ன உருட்டுகோலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருட்டினாள். நான் பின்னாலேயே போனேன்.

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு" என்றாள். "அஞ்சு சதுர மீட்டருக்கு மேல தண்ணி இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணியை ரோட்டுக்கு விட்டா அனுமதி வாங்கணும் சார்."

"இந்தத் தெருவுல பாதி வீடு கல்லு பாவியிருக்கே. அவங்களெல்லாம் வாங்கினாங்களா?"

"இருபதாம் நம்பர் சரளைக்கல் போட்டிருக்காங்க, தண்ணி கீழ இறங்கும். அதுக்கு அனுமதியே வேண்டாம். அவங்களுக்கு அடுத்த வீட்டுல தண்ணியைப் பூச்செடிப் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. அதுக்கும் வேண்டாம். உங்க வீட்டுல பூச்செடி எதுவும் இருந்துச்சா சார்?"

எங்களுக்குப் பின்னால் வாசற்படியில் மோரீனின் ஊன்றுகோல் ஒரு தடவை டொக்கென்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தாம்மா, வானத்துலேருந்து விழற தண்ணிக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"வானத்துல இருக்கற வரைக்கும் நீங்க பொறுப்பில்ல சார். உங்க கான்கிரீட்ல விழுந்தப்புறம் அது உங்க தண்ணி."

"சரி, கம்பத்தையாவது கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க. காரைச் சட்டப்படி ஏத்திக்கறேன்."

"அது சாலைத் துறை சார். வேலிக்கு உள்பக்கம் நாங்க, வெளிப்பக்கம் அவங்க."

"அப்ப நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கற நான் எந்தத் துறை?"

அவள் உருட்டுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஆனால் கெட்ட பெண் இல்லை. மோரீன் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு என் சமையலறை மேசையில் படம் போட்டுக் காட்டினாள். ஒன்று, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுச் சரளை போட வேண்டும். அல்லது, வாசல் ஓரமாக முழுநீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மூலையில் ஆழக் குழி தோண்டிக் கல் நிரப்பி அந்தத் தண்ணீரை அங்கே இறக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்டாயப்படுத்தும் உத்தரவு வருமாம். அப்புறம் சுவர் ஓரமாகக் குனிந்து, நீ ஊற்றிய கான்கிரீட் நம் வீட்டுக் காற்றுத் துளைகளில் இரண்டை மூடியிருப்பதைக் காட்டினாள். தரைக்கடியில் காற்று போகவில்லை, இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் பலகைத் தளம் உளுத்துப்போகும் என்றாள். ஆக, தண்ணீர் டிலிஸ் வீட்டுக்கு, ஈரம் எங்கள் வீட்டுக்கு. சரிவில் கெட்டிக்காரன் நீ.

அவள் போனதும் எனக்கு ஒரே கேள்விதான்: எழுதிப் போட்டது யார்? டிலிஸ் இல்லை, அவள் எழுதியிருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள். அப்போ கட்ஜன்தான். திரை விலக்குகிற கட்ஜன். வாசலில் நின்று தெரு முழுதும் கேட்கிற மாதிரி கத்தினேன், "வாளியோட வந்து உதவி பண்ற மாதிரி பண்ணிட்டு, வீட்டுக்குப் போயி பேனாவை எடுத்தியாடா?" என்று. அவன் ஜன்னலைத் திறந்தான், "எனக்கு எழுத்துப் பிழை வரும், நான் யாருக்கும் எதுவும் எழுதறதில்ல" என்றான், மூடினான். இது ஒரு பதிலா? குற்றவாளியின் பதில் இது.

உள்ளே வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. மோரீனிடம் சொன்னேன், "எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்!"

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். "எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும், வில்ஃப். ஆஸ்பத்திரியில அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? நட, நட, நடந்துகிட்டே இருன்னா. தினம் சர்ச் வரைக்கும் போய்ட்டு வான்னா. காரு அங்க நின்னிருந்தா நான் தினம் அங்க போயிருப்பேன். நீங்க என்னை வாசப்படிலேயே ஏத்தி வாசப்படிலேயே இறக்கறீங்க."

"இதை நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சொல்ல? வந்து இறங்கும்போதே காஞ்சு கெட்டியாயிருந்துச்சே."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது அந்த நீலப் பூ இப்ப எவ்வளவு பூத்திருக்கும்னுதான் நெனச்சுகிட்டிருந்தேன்."

ரோலண்ட், நான் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். பனியில் ஓட்டியிருக்கிறேன், குடிகாரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். எதற்கும் அசந்ததில்லை. அன்றைக்கு டீயை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், அந்த நீலப் பூ இருந்த மூலையில் இருட்டும்வரை நின்றேன். மறுநாள் காரைக் கொண்டுபோய் சர்ச் பக்கத்தில் விட்டேன். இப்போது தினமும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நடந்து போய்க் காரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். போகும்போது அவள் பேசுவதில்லை. திரும்பி வரும்போது கொஞ்சம் பேசுகிறாள்.

டிலிஸின் பியானோவைக் காயவைத்துச் சரிசெய்ய மூன்று மாதமாகுமாம். அதுவரை வாடகை பியானோ ஒன்று என் முன்னறையில் நிற்கிறது. நானே போய்க் கேட்டுக்கொண்டேன். அவள் உடனே சரி சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி வராதே?" என்றாள். "நம்ம வீடு மேட்டுல இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று புரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். அதனால் இப்போது செவ்வாயும் வியாழனும் டிலிஸிடம் படிக்கும் ஹாப்டே என்கிற கசாப்புக்காரர் என் சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து வருஷமாகக் கற்றுக்கொள்ளும் ஒரே பாட்டை, ஐந்து வருஷமாகச் செய்யும் அதே தப்போடு வாசிக்கிறார். நான் மாடியில் காதைப் பொத்திக்கொண்டு உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே முடிவாக ஒன்று. அக்கா தம்பி உறவு உங்களோடு. எனக்கும் உனக்கும் இனி ஒன்றுமில்லை. இந்த வாசலை, அது கான்கிரீட்டாக இருந்தாலும் சரி, சரளையாக இருந்தாலும் சரி, நீ மிதிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பாதே. உன் யோசனை எதையும் இந்த நாட்டுக்குள் அனுப்பாதே. உன் மனைவிக்கு என் அன்பு, அவள் உன்னோடு வாழ்வதற்காக என் அனுதாபமும். நாயைத் தடவிக் கொடுத்ததாகச் சொல். உனக்கு வெயில் குறையாமல் இருக்கட்டும், வெட்கமும் கொஞ்சம் உண்டாகட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
முப்பத்தொண்ணு புள்ளி நாலு சதுர மீட்டருக்கு உரிமையாளன்,
வில்ஃப்ரெட் ஆக்ராய்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி மோரீனிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். கட்ஜன் பற்றிய இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "பாவம் அந்த மனுஷன். நகராட்சிக்கு எழுதினது நாந்தான்" என்றாள். "நீங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க. ரோலண்டுதான் போன்ல சொன்னான், எழுதிப் போடுக்கா, சர்க்கார் ஆள் வந்து சொன்னா அத்தான் கேப்பாருன்னு. தான் செஞ்ச தப்புக்கு அவனும் ராத்தூக்கமில்லாம கெடக்கான்" என்றாள். வருகிற வியாழக்கிழமை விமானத்தில் நீ வருகிறாயாம், கான்கிரீட் உடைக்கும் எந்திரத்தைக்கூட இங்கே வாடகைக்குச் சொல்லி வைத்துவிட்டாயாம், மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டு நான்கு நாளாகிறதாம். என் வீட்டில் எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கட்ஜனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவன் எழுதித் தரச் சொல்கிறான்.

இந்தக் கடிதம் ஸ்பெயினுக்குப் போய்ச் சேருமுன் நீ இங்கே வந்துவிடுவாய் என்பதால் இதைத் தபாலில் போடவில்லை. கிழிக்கவும் மனசில்லை, விரல் வலிக்க எழுதியிருக்கிறேன். வந்ததும் என் எதிரே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்க வேண்டும். டீ உண்டு. பிஸ்கட் கிடையாது.